மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுற அம்மாகிட்ட இருந்து பிள்ளையை கோர்ட்டு பிரிச்சிடுமா?

தங்கச்சி ஒருத்தங்க கேட்டிருக்காங்க. பையனுக்கு நாலரை வயசு, பிறந்த கொஞ்ச நாள்லயே இவங்களுக்கு டிப்ரஷன் வந்து ஒரு தடவை ஆஸ்பத்திரியில அட்மிட் ஆகி இருந்திருக்காங்க, இப்பவும் மாத்திரை போகுது. புருஷன் வீட்டுல சண்டையாகி ஏழு மாசமா பையனோட திருச்சியில அம்மா வீட்டுல இருக்காங்க, வேலைக்கும் போறாங்க, சம்பளம் 18,000. புருஷன் சென்னையில ஐடி வேலை. "உன்னைப் பைத்தியம்னு ப்ரூவ் பண்ணி பிள்ளையை வாங்கிடுவோம், ரிப்போர்ட் எல்லாம் எங்க கையில இருக்கு"ன்னு நாத்தனார் ஃபோன்ல சொல்லியிருக்காங்க. இதுக்கு நடுவுல தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர் "மாத்திரையை நிறுத்திடு, டாக்டர் சீட்டை எல்லாம் கிழிச்சுப் போட்டுடு"ன்னு யோசனை சொல்லியிருக்காரு. என்ன பண்றதுன்னு கேக்குறாங்க.

நான் மதுரைப் பக்கம் குடும்ப வழக்கு நடத்துற வக்கீல், இலவச சட்ட உதவி கேஸும் எடுக்குறேன். உங்க கேள்வியைப் படிச்சதும் மொதல்ல அந்த மாத்திரை விஷயத்துக்குத்தான் பதில் சொல்லணும்னு தோணுச்சு. நிறுத்தாதீங்கம்மா. சீட்டையும் கிழிக்காதீங்க. உங்க டாக்டர் சொல்லாம ஒரு மாத்திரையைக்கூட விடக்கூடாது, அது உங்க உடம்புக்காகவும் தான், கேஸுக்காகவும் தான். ஏன்னா நாளைக்கு கோர்ட்டுல உங்களைக் காப்பாத்தப் போறதே அந்தச் சீட்டுங்கதான், ரெகுலரா டாக்டரைப் பாத்திருக்காங்க, மருந்து எடுத்திருக்காங்க, டோஸ் குறைஞ்சிருக்கு, வேலைக்குப் போறாங்க, பிள்ளையைப் பாத்துக்குறாங்கன்னு அது வரிசையா காட்டும். சீட்டைக் கிழிச்சீங்கன்னா உங்க கையில இருக்கிற காப்பிதான் போகும், ஆஸ்பத்திரி ரிக்கார்டு அங்கேயேதான் இருக்கும், அதை அவங்க கோர்ட்டு மூலமா வரவழைச்சா "ஏன் மறைச்சீங்க"ன்னு குறுக்கு விசாரணையில கேக்குற ஒரு கேள்விக்கு உங்களால பதில் சொல்ல முடியாம போயிடும். நோய் இருந்ததை விட நோயை மறைச்சதுதான் ஜட்ஜ் மனசுல நிக்கும்.

சட்டம் என்ன சொல்லுதுன்னு பாப்போம். நீங்க இந்துன்னு வெச்சுக்கிட்டு சொல்றேன். 1956 ஆம் வருஷத்து இந்து மைனர் மற்றும் கார்டியன் சட்டம், 6வது பிரிவு, அஞ்சு வயசு முடியாத குழந்தையோட கஸ்டடி சாதாரணமா தாய்கிட்டதான் இருக்கணும்னு சொல்லுது. அதே சட்டத்துல 13வது பிரிவு, எல்லாத்துக்கும் மேல குழந்தையோட நலன்தான் முக்கியம்னு சொல்லுது. சாதாரணமான்னு ஒரு வார்த்தை இருக்கிறதால அதை உடைக்கலாம், ஆனா யாரு உடைக்கணும்? 2015ல ரொக்சான் சர்மா கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவா சொல்லிடுச்சு, அஞ்சு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தையைத் தாய்கிட்ட விடுறது குழந்தைக்கு நல்லதில்லைன்னு சொன்னா அதை நிரூபிக்க வேண்டியது அப்பாதான், நான் தகுதியானவன்னு அம்மா நிரூபிக்கத் தேவையில்லை. உங்க பையனுக்கு அஞ்சு வயசு முடிய இன்னும் ஆறு மாசம்தான் இருக்குங்கிறதை மட்டும் மறந்துடாதீங்க. அஞ்சு முடிஞ்ச மறுநாளே பையனைத் தூக்கி அப்பாகிட்ட குடுத்துடுவாங்கன்னு அர்த்தம் இல்ல, ஆனா சட்டம் தானா உங்களுக்குக் குடுக்குற அந்த முன்னுரிமை அதுக்கப்புறம் இருக்காது, அப்ப குழந்தை நலன் ஒண்ணுதான் அளவுகோல். அதனால பெட்டிஷன் போடுறதுன்னா இப்பவே போடுங்க.

அடுத்து பைத்தியம்ங்கிற பேச்சு. 2017 மனநல பராமரிப்புச் சட்டம், 3வது பிரிவு, ஒருத்தருக்கு மனநோய் இருக்குன்னு டாக்டர் சொன்னாங்கங்கிறதாலேயே அவங்க புத்தி சரியில்லாதவங்கன்னு ஆகிடாது, அதை கோர்ட்டு தனியா அறிவிக்கணும்னு சொல்லுது. அதே சட்டம் 21வது பிரிவுல இன்னொண்ணு இருக்கு, நிறைய வக்கீலுங்களே இதைக் கவனிக்கிறது இல்ல. ஒரு தாய் மனநல ஆஸ்பத்திரியில அட்மிட்டா இருந்தாலும் மூணு வயசுக்குக் கீழ இருக்கிற குழந்தையை சாதாரணமா அவங்ககிட்ட இருந்து பிரிக்கக்கூடாதாம். அட்மிட் ஆகி ட்ரீட்மென்ட்ல இருக்கிற அம்மாகிட்டயே குழந்தை இருக்கலாம்னு சட்டம் சொல்லும்போது, வெளிய வந்து வேலைக்குப் போயிட்டு மாத்திரை சாப்பிடுற அம்மாவைத் தகுதி இல்லாதவங்கன்னு எப்படி சொல்ல முடியும்? உங்க வக்கீல் இந்த ரெண்டு பிரிவையும் கவுன்டர்ல, அதாவது அவங்க மனுவுக்கு நீங்க போடுற பதில் மனுவுல, கண்டிப்பா எழுதணும்.

அதே 2017 சட்டத்துல 105வது பிரிவும் இருக்கு. அவங்க ஒரு ரிப்போர்ட்டைக் கொண்டு வந்து காட்டி, நீங்க அதை மறுத்தீங்கன்னா கோர்ட்டு அதை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அனுப்பி கருத்து கேக்கணும். நாத்தனார் கையில இருக்கிற பேப்பரை வெச்சு அங்கேயே அப்படியே முடிவு பண்ணிட முடியாது. நான் பாத்த ஒரு கேஸ்ல புருஷன் தரப்பு கொண்டு வந்தது வெறும் ஓபி சீட்டு, அதுல டாக்டர் கிறுக்கலா எழுதியிருந்த ஒரு மருந்துப் பேரை வெச்சு இன்டர்நெட்ல தேடி, அது பெரிய மனநோய்க்குக் குடுக்குற மருந்துன்னு அஃபிடவிட்ல எழுதிட்டாங்க. அந்த டாக்டரையே சாட்சியா கூப்பிட்டோம், "இது தூக்கத்துக்காகக் குறைஞ்ச டோஸ்ல குடுத்தது"ன்னு அவர் சொன்னதோட அந்த வாதம் அங்கேயே முடிஞ்சு போச்சு. ஆனா ஒண்ணு, கோர்ட்டே உங்களை மெடிக்கல் பரிசோதனைக்கு அனுப்புச்சுன்னா மாட்டேன்னு சொல்லாதீங்க. கோர்ட்டுக்கு அப்படி அனுப்ப அதிகாரம் இருக்கு, மறுத்தா உங்களுக்கு எதிரா அனுமானம் பண்ணிக்கலாம்னு 2003ல சார்தா கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கு. தைரியமா போயிட்டு வாங்க.

1988லயே ராம் நாராயண் குப்தா கேஸ்னு ஒண்ணு, அது டைவர்ஸ் கேஸ்தான், மனைவிக்கு சிசோஃப்ரீனியான்னு சொல்லி டைவர்ஸ் கேட்டாரு, வெறும் நோய்ப் பேரைச் சொன்னா பத்தாது, அது எந்த அளவுக்கு இருக்கு, வாழ்க்கையை என்ன பண்ணுதுங்கிறதைக் காட்டணும்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. கஸ்டடியிலயும் இதே பார்வைதான் வேணும், நோய்ப் பேரு என்னங்கிறது ரெண்டாவது, அதனால பிள்ளைக்கு என்ன ஆச்சுங்கிறதுதான் கேள்வி. அந்த நாள்கள்ல பிள்ளை பட்டினி கிடந்துச்சா, யாரும் பாத்துக்காம கிடந்துச்சா, அடி வாங்குச்சா, இல்ல பாட்டி கூட இருந்து பாத்துக்கிட்டாங்களா, இதுதான் விஷயம். உண்மையிலேயே பிள்ளைக்கு ஆபத்து வர்ற அளவுக்கு நோய் முத்திப் போய், ட்ரீட்மென்ட்டும் எடுக்க மாட்டேன்னு இருக்கிறவங்ககிட்ட இருந்து கோர்ட்டு பிள்ளையை எடுக்கத்தான் செய்யும், எடுக்கணும். நீங்க அந்த நிலைமையில இல்ல.

பெத்தவங்க ரெண்டு பேர்ல யாரு நல்லவங்கன்னு மார்க் போடுறதுதான் கோர்ட்டு வேலைன்னு எல்லாரும் நினைக்கிறாங்க, அதனாலதான் ஒருத்தர் மேல ஒருத்தர் சேத்தை வாரி இறைக்கிறாங்க. இது நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட்டுல இருந்து போன கேஸ்லயே 1973ல முடிவான விஷயம், ரோசி ஜேக்கப் கேஸ், பிள்ளைங்க பெத்தவங்களோட சொத்தும் இல்ல, விளையாட்டுப் பொருளும் இல்லைன்னு சுப்ரீம் கோர்ட்டு சொன்னது அதுலதான். மனைவியா எப்படி இருந்தாங்கங்கிறதும் அம்மாவா எப்படி இருக்காங்கங்கிறதும் வேற வேற. 2024ல பம்பாய் ஹைகோர்ட்டு, கள்ள உறவு டைவர்ஸுக்குக் காரணமா இருக்கலாம், கஸ்டடியை மறுக்கக் காரணம் ஆகாதுன்னே சொல்லிச்சு. கோர்ட்டு தேடுறது ஒண்ணே ஒண்ணுதான், இந்தப் பிள்ளையோட தினசரி வாழ்க்கை இப்ப யாரு கையில ஒழுங்கா ஓடுது, நாளைக்கும் ஓடுமா.

இதுக்கு ஒரு கேஸ் சொல்றேன், கொஞ்சம் நிதானமா படிங்க. கேரளாவுல ஒரு பையன், அம்மா கூட வளர்ந்தவன், அம்மா மறுகல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, குடும்பத்தோட மலேசியா போறதா பேச்சு வந்துச்சு, அப்பா கஸ்டடி கேட்டு ஹைகோர்ட்டுல ஜெயிச்சாரு, 2024 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. சுப்ரீம் கோர்ட்டே சொன்னதுக்கு அப்புறம் என்ன இருக்குன்னு நினைப்போம் இல்லையா? பையனால தாங்க முடியல. 12 வயசுப் பையன், பயம், பதற்றம், அம்மாவை விட்டுப் பிரியணுமேங்கிற தவிப்பு. நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில காட்டினாங்க, அங்க குடுத்த மனநல ரிப்போர்ட்டுங்க கோர்ட்டுக்குப் போச்சு. 2025 ஜூலையில அதே சுப்ரீம் கோர்ட்டு தன்னோட சொந்தத் தீர்ப்பையே ரிவ்யூல, அதாவது மறுஆய்வு மனுவுல, மாத்தி பையனை அம்மாகிட்டயே விட்டுடுச்சு, அப்பாவுக்குப் பாக்குற உரிமை மட்டும். ரிவ்யூ பெட்டிஷன் ஜெயிக்கிறது எவ்வளவு அபூர்வம்னு கோர்ட்டு பக்கம் நடக்குறவங்களுக்குத் தெரியும். அங்க சட்ட பாயின்ட் எதுவும் புதுசா வரல, பையனோட மனசுல என்ன நடக்குதுங்கிற தகவல்தான் புதுசா வந்துச்சு.

அதனால உங்க வேலை இப்ப என்னன்னா, பையனோட நாளை கோர்ட்டு கண்ணுக்குத் தெரிய வைக்கிறது. எல்கேஜி சேத்திருந்தா ஃபீஸ் ரசீதுல யாரு பேரு, ஸ்கூல் டைரியில யாரு கையெழுத்து, பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு யாரு போனாங்க, தடுப்பூசி அட்டை யாருகிட்ட இருக்கு, காய்ச்சல்னா எந்த டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினீங்க, நீங்க வேலைக்குப் போற நேரத்துல யாரு பாத்துக்குறாங்க. கேக்க ரொம்ப சாதாரணமா இருக்கும், ஆனா வேற ஒரு கேஸ்ல குறுக்கு விசாரணையில அப்பாகிட்ட "பையனோட கிளாஸ் டீச்சர் பேரு என்ன"ன்னு கேட்டப்போ அவர் பதில் தெரியாம தலையைத் திருப்பி அவங்க அக்காவைப் பாத்ததை நான் பாத்திருக்கேன். ஜட்ஜும் பாத்தாங்க. உங்க அம்மா அப்பாவோட உதவி இருக்குங்கிறதையும் எழுதுங்க, அது உங்க பலவீனம் இல்ல. என்னைக்காவது உங்களுக்கு முடியாம போனா பிள்ளையை யாரு பாப்பாங்கன்னு ஒரு ஏற்பாடு வெச்சிருக்கிறதைக் காட்டுறது ரொம்ப நல்லது, அதுக்கு மேல உங்க டாக்டர்கிட்டயே ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கோங்க, தொடர்ந்து ட்ரீட்மென்ட்ல இருக்காங்க, நிலைமை கட்டுப்பாட்டுல இருக்கு, பிள்ளையைப் பாத்துக்க முடியும்னு அவர் எழுதிக் குடுத்தா அது ரொம்ப உதவும்.

சம்பளம் 18,000ன்னு பயப்படாதீங்க. பணம் இருக்கிறவங்ககிட்ட பிள்ளைன்னு சட்டம் எங்கேயும் சொல்லல. பிள்ளைக்கான செலவை அப்பாகிட்ட இருந்து ஜீவனாம்சமா கேக்கலாம், முன்னாடி சிஆர்பிசி 125ன்னு சொல்வோம், 2024 ஜூலையில இருந்து பிஎன்எஸ்எஸ்ங்கிற புதுச் சட்டத்துல அது 144வது பிரிவு. 2020ல ரஜ்னேஷ் கேஸுக்கு அப்புறம் ரெண்டு பேருமே வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்டா போட்டாகணும், அவரோட சம்பளம் அதுல வந்துடும்.

எங்க கேஸ் போடணும்? 1890 ஆம் வருஷத்து கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம், 9வது பிரிவுப்படி பிள்ளை சாதாரணமா எங்க குடியிருக்கோ அந்த ஊர் கோர்ட்டுலதான். ஏழு மாசமா திருச்சி, ஸ்கூலும் அங்கதான்னா திருச்சி குடும்ப நல கோர்ட்டுலயே ஜி.டபிள்யூ.ஓ.பி., அதாவது இந்தச் சட்டப்படி போடுற கஸ்டடி மனு, போடலாம், கூடவே இடைக்கால கஸ்டடிக்கு ஒரு ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு. அவர் முந்திக்கிட்டு சென்னையில போட்டாலும் கைக்குழந்தை மாதிரி ஒரு பிள்ளையைத் தூக்கிட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் 320 கிலோமீட்டருக்கு மேல அலைய முடியாதுன்னு ஹைகோர்ட்டுல டிரான்ஸ்ஃபர் பெட்டிஷன் போடலாம், பெண்களோட கஷ்டத்தைப் பாத்து பெரும்பாலும் மாத்திக் குடுப்பாங்க. ஒருவேளை அவங்க ஸ்கூல் வாசல்ல இருந்து பிள்ளையைத் தூக்கிட்டுப் போயிட்டா அன்னைக்கே போலீஸ்ல புகார் குடுத்து மதுரை பெஞ்சுல ஆட்கொணர்வு மனு போடணும், பேச்சுவார்த்தை, பெரியவங்க பஞ்சாயத்துன்னு மாசக் கணக்குல விட்டுடாதீங்க. பிள்ளை அங்கேயே பழகிடுச்சுன்னு அப்புறம் வாதம் வரும். கௌரவ் நாக்பால் கேஸ்ல 2008ல சுப்ரீம் கோர்ட்டு, ஆர்டரை மதிக்காம பிள்ளையைக் கையில வெச்சுக்கிட்டே காலத்தை ஓட்டின அப்பாவுக்கு அந்தக் காலத்தை ஒரு சாதகமா எடுத்துக்கல, அம்மாகிட்டயே குடுத்துச்சு, ஆனா அதுக்குள்ள போன வருஷங்கள் அந்தப் பிள்ளைக்கும் அம்மாவுக்கும் திரும்ப வரவா போகுது.

இப்ப உங்களுக்குப் பிடிக்காத ஒண்ணு சொல்லணும். நீங்க எழுதினதுல "அவரு ஃபோன் பண்ணா எடுக்குறதே இல்ல, பையன்கிட்டயும் குடுக்குறது இல்ல"ன்னு ஒரு வரி இருந்துச்சு. உங்க கேஸ்லயே எனக்குக் கவலையா இருக்கிறது அந்த வரிதான், மாத்திரை இல்ல. அவர் உங்ககிட்ட எப்படி நடந்துக்கிட்டாருங்கிறதுல உங்க கோவம் நியாயமா இருக்கலாம், ஆனா பிள்ளையை அவர் அடிச்சாரு, பிள்ளைக்கு ஆபத்துன்னு நீங்க எங்கேயும் சொல்லல. அப்படி இருந்தா கதையே வேற, குடும்ப வன்முறைச் சட்டம் 21வது பிரிவுல மாஜிஸ்ட்ரேட்டு தற்காலிக கஸ்டடி குடுத்து அவர் பாக்குறதையே தடுக்க முடியும். அது இல்லாதப்போ அப்பாவைப் பாக்க விடாம, பேச விடாம வெச்சிருந்தா, பிள்ளையோட மனசை அப்பாவுக்கு எதிரா திருப்புறாங்கன்னு அவங்க சொல்வாங்க, விவேக் சிங் கேஸ்ல 2017ல சுப்ரீம் கோர்ட்டு இந்த மாதிரி மனசைத் திருப்புறதைப் பத்தி விரிவாவே பேசியிருக்கு. 2024ல இன்னொரு தீர்ப்புல ஆதாரம் இல்லாம சும்மா அந்த முத்திரையைக் குத்தக்கூடாதுன்னும் சொல்லியிருக்காங்க, சரி, ஆனா நீங்களே ஏன் ஆதாரம் குடுக்கணும்? 2020ல யஷிதா சாஹு கேஸ்ல, பிள்ளை கூட இல்லாத பெத்தவங்க தினமும் ஒரு 5, 10 நிமிஷமாவது ஃபோன்லயோ வீடியோ கால்லயோ பேசணும்னு சொன்னாங்க. நாளைக்கே அவருக்கு ஒரு மெசேஜ் போடுங்க, சாயங்காலம் இத்தனை மணிக்கு பையன்கிட்ட பேசலாம்னு. அவர் பேசினா பிள்ளைக்கு நல்லது. பேசலைன்னா, நீங்க கதவைத் திறந்துதான் வெச்சிருந்தீங்கங்கிறதுக்கு அந்த மெசேஜே சாட்சி.

மெசேஜ்னதும் ஞாபகம் வருது. ஃபோன்ல என்ன பேசினாலும் ரிக்கார்டு ஆகுதுன்னு நினைச்சுக்கிட்டே பேசுங்க. புருஷன் பொண்டாட்டி பேசினதை ஒருத்தர் ரகசியமா ரிக்கார்டு பண்ணியிருந்தாலும் குடும்ப வழக்குல ஆதாரமா எடுத்துக்கலாம்னு 2025 ஜூலையில சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. கோவத்துல "செத்துடுவேன், பிள்ளையையும் கூட்டிட்டுப் போயிடுவேன்"னு வாய்தவறி ஒரு வார்த்தை வந்தா அதை பெரிய ஸ்பீக்கர்ல போட்டுக் காட்டுவாங்க. ஆனா உண்மையிலேயே அந்த மாதிரி எண்ணம் வந்துச்சுன்னா கேஸை நினைச்சு மறைக்காதீங்க, உடனே டாக்டர்கிட்ட சொல்லுங்க, 14416 டெலிமானஸ் நம்பர், எந்த நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது.

கோர்ட்டுக்குள்ள என்ன நடக்கும்னு தெரியாததுதான் பாதி பயம். முதல்ல கவுன்சிலர்கிட்ட அனுப்புவாங்க, ரெண்டு பேரையும் தனித்தனியாவும் சேத்தும் கூப்பிட்டுப் பேசுவாங்க, அங்க புருஷனைப் பத்தின புகாரையே கொட்டிக்கிட்டு இருக்காம பையனைப் பத்திப் பேசுங்க, ஏன்னா கஸ்டடி விஷயத்துல கவுன்சிலரோட ரிப்போர்ட்டை கோர்ட்டு பாக்கலாம்னு 2019ல பெர்ரி கன்சாக்ரா கேஸ்லயே வந்திருக்கு. சின்னப் பிள்ளைங்கிறதால நாலரை வயசுல யாருகிட்ட இருக்கணும்னு அவன் விருப்பத்தைப் பெருசா எடுத்துக்க மாட்டாங்க, சட்டமே விவரமா யோசிச்சு சொல்ற வயசு வந்திருந்தாத்தான் அதைக் கணக்குல எடுக்கலாம்னு சொல்லுது. ஆனாலும் ஜட்ஜ் சேம்பர்ல கூப்பிட்டு சாக்லேட் குடுத்துப் பேசிப் பாப்பாங்க. தயவுசெஞ்சு பையனுக்கு எதையும் சொல்லிக் குடுத்துக் கூட்டிட்டுப் போகாதீங்க. "அப்பா கெட்டவர், அம்மாதான் வேணும்"னு ஒரே மூச்சுல மனப்பாடமா ஒப்பிச்சிட்டு, உடனே "என் வண்டி பொம்மை அப்பா வீட்டுல இருக்கு, எப்ப எடுக்கலாம்"னு கேக்குற பிள்ளைங்களை ஜட்ஜுங்க தினமும் பாக்குறாங்க.

விசாரணையை மூடின அறையில வெச்சுக்கணும்னு நீங்க கேட்டா குடும்ப நல கோர்ட்டுச் சட்டம் 11வது பிரிவுல அதுக்கு வழி இருக்கு, உங்க மெடிக்கல் விஷயம் பேசப் போறதால கண்டிப்பா கேளுங்க. இடைக்கால ஆர்டர்ல பெரும்பாலும் பிள்ளை உங்ககிட்டயும், வாரக் கடைசியில சில மணி நேரம் அவர்கிட்டயும், லீவுல கொஞ்ச நாளும்னு வரும். அதை ஒழுங்கா நடத்துங்க, அவர் வரும்போது பையனுக்கு உடம்பு சரியில்லைன்னா முதல் நாளே தகவல் குடுங்க. எந்தக் கஸ்டடி ஆர்டரும் முடிஞ்ச முடிவு கிடையாது, பிள்ளை வளர வளர, நிலைமை மாற மாற மறுபடி கேக்கலாம். விக்ரம் வோரா கேஸ்ல 2010ல அப்படித்தான், ஆஸ்திரேலியாவுல வேலை கிடைச்ச அம்மா பிள்ளையைக் கூட்டிட்டுப் போகணும்னு கேட்டப்போ பழைய ஏற்பாட்டை மாத்தி அனுமதி குடுத்தாங்க. இறுதித் தீர்ப்பு உங்களுக்கு எதிரா வந்தாலும் 30 நாளைக்குள்ள மதுரை பெஞ்சுல அப்பீல் இருக்கு.

வக்கீல் ஃபீஸைப் பத்தியும் கேட்டிருந்தீங்க. பெண்களுக்கு வருமானம் எவ்வளவா இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 12வது பிரிவு. திருச்சி கோர்ட்டு வளாகத்துல மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸுக்குப் போங்க. ஆதார், கல்யாணப் பத்திரிகை இல்ல ரிஜிஸ்டர் காப்பி, பையனோட பிறப்புச் சான்றிதழ், ஸ்கூல் பேப்பருங்க, சம்பள சிலிப், அப்புறம் மருத்துவ ஃபைல் முழுசும், அட்மிட் ஆனப்போ குடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில இருந்து போன மாசத்துச் சீட்டு வரைக்கும் தேதி வரிசையா அடுக்கி ரெண்டு செட் ஜெராக்ஸ். ஒரிஜினலை யாருகிட்டயும் குடுக்காதீங்க, வக்கீல்கிட்டகூட. ஏதாவது பேப்பர் காணாம போயிருந்தா ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துக் கேளுங்க, உங்க சொந்த மெடிக்கல் ரிக்கார்டை வாங்குற உரிமை முன்னாடி சொன்ன 2017 மனநல பராமரிப்புச் சட்டத்துலயே உங்களுக்கு இருக்கு. அங்க குடுக்குற வக்கீலும் சீட்டைக் கிழிங்கன்னு சொன்னா வேற வக்கீல் வேணும்னு ஆணைக்குழு செயலாளர்கிட்டயே மனு எழுதிக் குடுத்துக் கேளுங்க.